உள்ளெரி பொறியின் அமைப்புகளும் வெள்ளநீரும்

உள்ளெரி பொறி என்பது எரிபொருளைத் தனக்குள்ளேயே எரித்து, அதனால் விரிவடையும் வளிமத்தின் அழுத்தத்தை இயக்கமாக மாற்றும் இயந்திரம் ஆகும். வழக்கில் இது எஞ்சின் எனப்படுகிறது. இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், பேருந்து, மின்னாக்கி ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

இந்தப் பொறியின் ஒவ்வோர் அமைப்பும் நீரில் மூழ்கும்போது என்ன ஆகும் என்பது சென்னையின் தென்புறநகரில் பலமுறை எழுந்த கேள்வி. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றின் கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளோடு வண்டிகளும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகள் வெள்ளத்தில் சிக்கின. நீரில் நின்ற வண்டிகளில் பலவற்றை மீட்க முடியும். எஞ்சினை முற்றிலும் பாழாக்குவது பெரும்பாலும் நீர் உள்ளே இருக்கும்போதே அதை இயக்க முயல்வதுதான். இதன் காரணம் எஞ்சினின் கட்டமைப்பிலேயே உள்ளது.

முதன்மை உறுப்புகள்

எஞ்சினின் உடற்பகுதி சிலிண்டர் பிளாக் ஆகும். இது வார்ப்பிரும்பாலோ அலுமினியக் கலவையாலோ வார்க்கப்படுகிறது. இதிலுள்ள உருளை வடிவத் துளைகளே சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அழுத்தம் கசியாமலும், கீழிருக்கும் எண்ணெய் மேலே ஏறாமலும் தடுக்கின்றன.

பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைப்பது கனெக்டிங் ராடு. பிஸ்டனின் நேர்கோட்டு அசைவைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. அதன் முனையிலுள்ள கனமான பறக்கும் சக்கரம் சுழற்சியைச் சீராக வைக்கிறது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் காற்று நுழையவும் புகை வெளியேறவும் வால்வுகள் உள்ளன. இவற்றைத் திறந்து மூடும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது.

நான்கு வீச்சுகள்

பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வது ஒரு வீச்சு. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை உள்ளிழுக்கிறது. இரண்டாவதில் மேலேறி அதை அமுக்குகிறது. மூன்றாவதில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேற்றப்படுகிறது. இந்நான்கும் நிறைவடையக் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும்.

இரண்டாம் வீச்சு ஓர் அடிப்படை உண்மையை நம்பியிருக்கிறது: காற்றை அமுக்கலாம். நீரை அவ்வாறு அமுக்க முடியாது.

நீர்ப்பூட்டு

பிஸ்டன் மேல்முனையை அடைந்த பின்னும் அதன் தலைக்கு மேல் ஒரு சிறிய இடைவெளி மிஞ்சும். அமுக்கப்பட்ட காற்று அதில்தான் அடங்குகிறது. அந்த இடைவெளியைவிடக் கூடுதலான நீர் சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டன் மேலே செல்ல வழியில்லை. இந்நிலை நீர்ப்பூட்டு எனப்படும்.

இதற்குத் தேவையான நீரின் அளவு மிகக் குறைவு. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சின் 948 கன செ.மீ. கொள்ளளவு உடையது. அதன் நான்கு சிலிண்டர்களும் ஒவ்வொன்றும் 63 மி.மீ. விட்டமும் 76 மி.மீ. வீச்சு நீளமும் கொண்டவை. ஆகவே ஒரு சிலிண்டரின் பங்கு ஏறத்தாழ 237 கன செ.மீ.

இதே அளவுள்ள சிலிண்டரில் அமுக்க விகிதம் 8 எனக் கொண்டால், மேலே மிஞ்சும் இடைவெளி 34 மி.லி. மட்டுமே. இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் இயல்பான 10 எனக் கொண்டால் அது 26 மி.லி. ஆகும். டீசல் எஞ்சினைப் போல 16 எனக் கொண்டால் ஏறத்தாழ 16 மி.லி., அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு. 100 கன செ.மீ. மோட்டார் சைக்கிளில் விகிதம் 9 என்றால் இடைவெளி 12.5 மி.லி.தான்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடும்போது ஒரு வீச்சுக்கு 0.015 விநாடியே ஆகிறது. ஓட்டுநர் உணர்ந்து சாவியைத் திருப்புவதற்குள் பறக்கும் சக்கரத்தின் வேகம் முழுவதும் கனெக்டிங் ராடின் மீது இறங்கி அதை வளைத்துவிடுகிறது. சற்றே வளைந்த ராடுடன் எஞ்சின் மீண்டும் ஓடுவதும் உண்டு. ஆனால் பின்னாளில் அது முறிந்து பிளாக்கைத் துளைக்கக்கூடும்.

காற்று, எரிபொருள், தீப்பொறி அமைப்புகள்

காற்று ஒரு குழாய் வழியாக வடிகட்டிப் பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து சிலிண்டருக்குச் செல்கிறது. பெரும்பாலான கார்களில் இக்குழாயின் வாய் முன்விளக்கு அல்லது ரேடியேட்டர் அருகே அமைந்திருக்கும். ஒரு கார் எவ்வளவு ஆழமான நீரில் செல்லலாம் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாக இந்த வாயின் உயரமே. நீர்மட்டம் அதைத் தொடாவிட்டாலும், எதிரே வரும் பேருந்து எழுப்பும் அலை தொட்டுவிடக்கூடும். ஸ்கூட்டர்களில் வடிகட்டிப் பெட்டி பின்சக்கரத்தின் அருகே தாழ்வாக இருப்பதால் அவற்றுக்கு இடர் கூடுதல்.

எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் பணியை முன்பு கார்புரேட்டர் செய்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலும் அதன் இடத்தை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்டர் பெற்றது. தொட்டிக்குள் நீர் புகுந்தால், பெட்ரோலைவிட அடர்த்தி கூடியதால் அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் எத்தனால் நீரை ஈர்க்கிறது. நீர் ஓர் அளவைக் கடந்ததும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படிகின்றன.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கின் பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதன் மின்னிணைப்பு நனைந்தால் எஞ்சின் நின்றுவிடக்கூடும். இது பல வேளைகளில் பாதுகாப்பாகவே அமைகிறது. டீசல் எஞ்சினில் அமுக்கத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைப்பதால் தீப்பொறி தேவையில்லை. ஆகவே அது நீரில் தொடர்ந்து ஓடி, காற்றுக்குழாய் வழியே நீரையும் இழுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

புகை, மசகு, குளிர்விப்பு அமைப்புகள்

ஓடும் எஞ்சினின் புகை, சைலன்சருக்குள் நீர் ஏறாமல் தடுக்கிறது. எஞ்சின் நின்றதும் இத்தடை நீங்குகிறது. நீர்மட்டம் எஞ்சினின் உயரத்துக்கு ஏறினால், திறந்த நிலையில் நின்ற வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் நீர் செல்லலாம். இதனால் ஓட்டாமல் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகூட நீர்ப்பூட்டுக்கு உள்ளாகலாம்.

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு பம்பு இழுத்துத் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. அங்கு படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமே உலோகம் உலோகத்தோடு உரசாமல் காக்கிறது. நீர் கலந்தால் எண்ணெய் பால் விட்ட தேநீரின் நிறத்துக்கு மாறும், படலம் நிலைக்காது. அளவுகோல் குச்சியை வெளியே எடுத்துப் பார்த்தாலே இது தெரியும்.

குளிர்விப்பு அமைப்பில் நீர்ப் பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், விசிறி ஆகியவை உள்ளன. ரேடியேட்டரின் செதில்களில் வெள்ளச்சேறு படிந்து காய்ந்தால் காற்றோட்டம் தடைபட்டு, எஞ்சின் பின்னர் சூடேறும்.

வெள்ளம் வடிந்த பின்

நீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டோ, மிதித்தோ, தள்ளியோ ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுழற்றுவதால் நீர் நிறைந்த எஞ்சின் இறுகி நின்றுவிடலாம். ஆனால் வேறொரு சிலிண்டரில் தீப்பற்றிவிட்டால், அந்த விசையே ராடை வளைக்கப் போதுமானது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நனைந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால் பழுதாகலாம்.

முதலில் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கு காற்று வடிகட்டி நனைந்துள்ளதா என்று முதலில் பார்ப்பார்கள். பின்னர் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் வண்டியில் இன்ஜெக்டர்களையும் கழற்றி, கிராங்க் தண்டைக் கையால் சுழற்றுவார்கள். அத்துளைகள் வழியே நீர் வெளியேறிவிடும். எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி ஆகியவற்றை மாற்றி, எரிபொருள் தொட்டியைச் சுத்தம் செய்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்கும் என்பதால் இப்பணியைப் பல நாள் தள்ளிப்போடுவதும் கேடு.

காப்பீட்டிலும் இது பொருட்படுத்தப்படுகிறது. வெள்ளச் சேதம் முழுமைக் காப்பீட்டில் அடங்கும். எனினும், நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் ஏற்பட்ட முறிவை விளைவுச் சேதம் என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈட்டுத்தொகையை மறுப்பதுண்டு. அத்தகைய சேதத்துக்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு தனிக் கட்டணத்தில் வழங்கப்படுகிறது. மழைக்காலத்துக்கு முன் பாலிசியில் அப்பிரிவு உள்ளதா என்று பார்த்துக்கொள்வது தாழ்வான பகுதிகளில் வாழ்வோருக்கு நல்லது.