கணக்கு வெட்டிய சுவர்

தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள்தாம். யார் நிலம் விட்டார், யார் விளக்குக்குப் பொன் தந்தார் என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். பங்கேற்பவருக்குப் பணம் தரும் பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களைப் புரிந்துகொள்ள அந்தச் சுவரே போதும்.

ஃபேஸ்புக்கில் நாம் எழுதுவது அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும். விளம்பர வருமானமும் பெரும்பாலும் அவர்களுக்கே. 2016-இல் நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் தொடங்கிய ஸ்டீம் என்ற பரவலாக்கப்பட்ட தளத்தில், எல்லாவற்றையும் பதியும் பேரேட்டின் பிரதி பல கணினிகளில் இருக்கிறது. மூன்று வினாடிக்கு ஒருமுறை அதில் புதுப் பக்கம் சேரும். அதை எழுதுபவர்களைப் பயனர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரே ‘சாட்சிகள்’! சாசனத்தின் அடியில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஒப்பமிட்டவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? அமைப்பே ஓயாமல் புது நாணயம் உண்டாக்கி, பெரும்பகுதியைப் பொதுக் குவியலில் சேர்க்கிறது. உங்கள் பதிவுக்கு மற்றவர்கள் ஓட்டுப் போட்டால், ஏழு நாள் கழித்துப் பங்கு வரும். 2019 முதல் அதில் பாதி ஓட்டுப் போட்டவர்களுக்கு. நல்லதைத் தேடிக் கண்டெடுப்பதும் உழைப்புதானே.

ஓட்டுகள் மட்டும் சமமில்லை. எவ்வளவு நாணயத்தை முதலாகப் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவுதான் எடை. கோயிலின் அணையாத நந்தா விளக்குக்கு விட்ட ‘சாவா மூவாப் பேராடு’ போல, மந்தை அப்படியே இருக்கும், நெய் வந்துகொண்டிருக்கும். மந்தை பெரிதானால் குரலும் பெரிது. திருச்சிக் கல்லூரி மாணவர்கள் நூறு பேரின் ஓட்டை ஒரு செல்வந்தரின் ஒற்றை ஓட்டு மிஞ்சிவிடும். எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. நாணய விலையும் நிலையில்லாதது. விற்ற லாபத்துக்கு 2022 முதல் இந்தியாவில் 30 சதவீத வரி.

ஓட்டின் எடை பணத்தைப் பொறுத்திருக்கும் அந்தக் குறை 2020-இல் வெடித்தது. ஸ்டீமுக்குப் பின்னால் இருந்த ஸ்டீமிட் நிறுவனத்தை ஜஸ்டின் சன் என்ற தொழிலதிபர் வாங்கினார். மார்ச்சில், சில நாணயச் சந்தைகள் வாடிக்கையாளர்களின் வைப்பையே ஓட்டாக்கிப் பழைய சாட்சிகளை இறக்கின. பயனர்கள் பணியவில்லை. மார்ச் 20 அன்று, நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு, பேரேட்டைப் படியெடுத்து ‘ஹைவ்’ என்ற புது இடத்துக்குக் குடிபோனார்கள்.

ஸ்ரீரங்கத்தைத் தொட்டு ஓடும் கொள்ளிடத்தின் கரையிலும் இப்படிப் படியெடுத்ததுண்டு:, திருமழபாடியில், விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட ராஜராஜன், அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. 2016-இல் ஸ்டீமில் எழுதியவர்களின் பதிவுகளும் இன்று ஹைவில் அவரவர் பெயரிலேயே இருக்கின்றன.