தருமபுரத்தில் யாழ் ஏன் தோற்றது?

கேள்வி கேட்டே பெரியவர்களைத் திணறடிக்கும் தம்பி தங்கைகளே, வாருங்கள்! இன்றைக்கு ஒரு தோல்விக் கதை. ஒரு இசைக்கருவி ஒரு பாட்டிடம் அடியோடு தோற்றுப்போன கதை.

நடந்த இடம் காரைக்காலை ஒட்டிய தருமபுரம். மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கிறதே, அந்தத் தருமபுரம் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் தருமபுரத்துக் கோயிலில் சுவாமியின் பெயர் யாழ்மூரிநாதர்.

“யாழுக்கும் சாமிக்கும் என்ன மாமா சம்பந்தம்?” என்று கேட்கிறாயா? சபாஷ்! அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சின்னப் பிள்ளையாக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே போய் யாழ் வாசித்தார். தருமபுரம் பாணருடைய அம்மா பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாணர் வாசிப்பதால்தான் பாட்டுக்கே பெருமை என்று பேச ஆரம்பித்தார்கள்.

பாணருக்குச் சங்கடமாகிவிட்டது. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று அவரே சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணர் முயன்றார், பாட்டு யாழில் வரவில்லை. மனம் நொந்து யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் அதைத் தடுத்து, முடிந்த அளவு வாசித்தால் போதும் என்று ஆறுதல் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இந்தக் கதை இருக்கிறது.

இறைவன் புகழ் ஒரு கருவிக்குள் அடங்குமா என்பது புராணம் சொல்லும் காரணம். நாம் யாழின் நரம்புகளையும் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமா?

உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து வை. அதன் குறுக்கே ஒரு ரப்பர் பேண்டை மாட்டிச் சுண்டு. ‘டொய்ங்’ என்கிறதா? இப்போது அதையே இன்னும் இறுக்கி இழுத்துச் சுண்டு. சத்தம் மேலே ஏறுகிறது. ரப்பர் வேகமாக அதிர்வதுதான் காரணம். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் சுருதி.

நரம்பின் சுருதியை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: நீளம், இறுக்கம், கனம். கனமான நரம்பு தாழ்ந்து ஒலிக்கும். இறுக்கினால் சுருதி ஏறும். நீளத்தைச் சரிபாதி ஆக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும்; ‘ச’ மேல் ‘ச’ ஆகிவிடும். இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை சுண்டிப் பார். அவசரமே இல்லை.

இனி யாழுக்கு வருவோம். வில்லைப் போல வளைந்த தண்டு, அடியில் தோல் போர்த்த பெட்டி, நடுவே வரிசையாக நரம்புகள். பேரியாழில் 21 நரம்புகள், செங்கோட்டியாழில் 7. ஒவ்வொரு நரம்பையும் வாசிக்கும் முன்பே ஒரு சுரத்துக்கு முடுக்கி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த நரம்புக்கு அந்தச் சுரம்தான்.

குரல் அப்படியா? தொண்டையில் விரலை வைத்து “ஆ…” என்று சொல். உள்ளே ஏதோ துடிக்கிறதா? அங்கே குரல் நாண்கள் என்று இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. அப்பா பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 120 முறை அதிரும். உன்னைப் போன்ற சின்னப் பிள்ளைக்கு ஏறக்குறைய 300 முறை! இப்போது “ஆ…” என்பதை நிறுத்தாமல் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போ. பாடிக்கொண்டிருக்கும்போதே உன் தசைகள் நாண்களை இழுத்து இறுக்குகின்றன. அதனால் சுருதி வழுக்கிக்கொண்டே மேலே போகிறது.

மாமரத்தில் ஏணி சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள். நீ படியில் மட்டும்தான் கால் வைக்க முடியும். இரண்டு படிக்கு நடுவே நிற்க முடியாது. பக்கத்திலேயே ஒரு அணில் அடிமரத்தில் விறுவிறு என்று ஏறுகிறது. அது நினைத்த இடத்தில் நிற்கும், பாதியில் திரும்பும், கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். யாழ் அந்த ஏணி. குரல் அந்த அணில்.

“அப்படியென்றால் நரம்புகளைக் கூட்டினால் போதாதா மாமா?” நல்ல கேள்வி! கூட்டினால் படிகள் நெருங்கும். ஆனாலும் அவை படிகள்தான். நம் பாட்டில் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அசையும், வளையும், அடுத்த சுரத்தைத் தொட்டுவிட்டு வரும். இதைக் கமகம் என்பார்கள். யாழ் நரம்பை அழுத்தி வளைப்பதற்கு அடியில் ஒரு பலகை கிடையாது. அந்தப் பதிகத்தில் இப்படிப்பட்ட வளைவுகள் இருந்ததால்தான் யாழ் திணறியது என்று இசை தெரிந்தவர்கள் பலர் விளக்கம் சொல்கிறார்கள். இப்போது ஓதுவார்கள் அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். கேட்டுப் பார், குரல் எங்கெல்லாம் வளைகிறது என்று தெரியும்.

ஆகவே பாணருடைய விரலில் ஒரு குறையும் இல்லை. உலகத்திலேயே கெட்டிக்காரர் வாசித்திருந்தாலும் அந்த நரம்பு அவ்வளவுதான் செய்யும்.

காலப்போக்கில் யாழ் மேடையை விட்டே மறைந்தது. வீணை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீணையில் நரம்புக்கு அடியில் 24 மெட்டுகள் இருக்கின்றன. மெட்டின் மேல் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இறுக்கம் கூடும், சுருதி வளையும். ரப்பர் பேண்டில் நீ செய்தாயே, அதே வேலைதான்! அதனால் வீணையில் கமகம் பேசும்.

ஆர்மோனியத்துக்கும் யாழைப் போலவே ஒரு சோதனை வந்தது. ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான், வளைக்க முடியாது. நம் இசைக்கு இது ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940-ல் அதை ஒதுக்கி வைத்தது. அந்தத் தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோற்ற யாழை எல்லோரும் மறந்துவிடவில்லை. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலானந்தர். அவர் அறிவியலும் படித்தவர். பழைய நூல்களைத் துருவி, சுரங்களுக்குக் கணக்குப் போட்டு, யாழ் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்தார். அந்த உழைப்பு ‘யாழ் நூல்’ என்ற பெயரில் 1947-ல் வெளிவந்தது. ஏன் தோற்றது, எப்படி ஒலித்தது என்று தேடினால் ஒரு தோல்வியிலிருந்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம், பார்த்தாயா?

சரி, இப்போது உன் முறை. நாதஸ்வரம், வயலின், கீபோர்டு, புல்லாங்குழல் நான்கையும் நேரில் பார், காதால் கேள். எது ஏணி? எது அணில்? பார்த்தால் ஏணி, வாசித்தால் அணில் என்று ஏமாற்றுகிற கருவியும் இதில் இருக்கிறது. ஒரு துப்பு தருகிறேன்: துளையை விரல் முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா என்று கவனி!