மலிந்த காலத்தின் சேமிப்பு

காஷ்மீரில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் காய்கறி மலிந்த காலம். சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் ஒரே சமயத்தில் விளைந்து குவிகின்றன. பனிக்காலத்தில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டாலோ, பச்சைக் காய்கறி அரிதாகிவிடும். ஆகவே அங்குள்ள குடும்பத்தினர் உண்டது போக எஞ்சியதை உலர்த்தி வைக்கின்றனர். சுரைக்காயை நீளப் பட்டைகளாக நறுக்கியும், கத்தரிக்காயைக் காம்பு பிரியாமல் கீறியும் கயிற்றில் தொங்கவிடுகின்றனர். குளிர்காலத்தில் அவற்றை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, பெருஞ்சீரகப் பொடியும் சுக்குப் பொடியும் சேர்த்துக் குழம்பு வைக்கின்றனர்.

நம் கொத்தவரங்காய் வற்றலுக்கு இது உறவுதான். தக்காளி விலை இறங்கும் நாளில் வாசகர்களும் இதைச் செய்து பார்க்குமாறு பரிந்துரைக்கிறோம். கெட்டியான பழங்களை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, உப்புத் தூவி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் காயவையுங்கள். இரவில் வீட்டினுள் எடுத்து வையுங்கள். ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்ந்த பின்னரே காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

விலை ஏறும் நாளில் ஒரு கைப்பிடியை ஊறவைத்து ரசத்தில் இடுங்கள். மலிந்த நாளில் சேமித்ததன் அருமை அப்போது விளங்கும்.