உள்ளீடும் வெளியீடும்: மடிக்கணினி தொலைக்காட்சித் திரையாகுமா?

சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில், ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் என் மாணவி ஒருத்தி அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து அவள் தாயார் ஒரு மாதம் தங்குவதற்கு வந்தார். பகல் முழுவதும் அறையில் தனியே இருக்கும் அவருக்குத் தமிழ்க்குரல் கேட்க வேண்டும். அறையில் தொலைக்காட்சி இல்லை. இணையமும் கைப்பேசி வழியாக வரும் அளவான இணையந்தான். முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற செட் டாப் பாக்ஸ் ஒன்றும், சிறிய அலைவாங்கி ஒன்றும் அலமாரியில் இருந்தன. மாணவியிடம் நல்லதொரு மடிக்கணினி இருந்தது. பெட்டியின் பின்புறத்தில் ஒரு எச்டிஎம்ஐ துளை. மடிக்கணினியின் பக்கவாட்டில் அதே வடிவில் இன்னொரு துளை. இரண்டையும் ஒரு வடத்தால் இணைத்தாள். திரையில் எதுவும் தோன்றவில்லை. வடம் பழுது என்று எண்ணி வேறொன்று வாங்கினாள். பிறகு மூன்றாவதாகவும் ஒன்று வாங்கினாள். அதன் பின்னரே என்னிடம் வந்தாள்.

இதே முயற்சியில் இறங்கித் தோற்றவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் பழியை வடத்தின்மீது போடுகிறார்கள். குற்றம் வடத்தில் இல்லை. ஒரே வடிவத் துளைகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நாம் கொள்ளும் நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது.

முதலில் பெட்டியின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டில் தொடங்கியது. தமிழுக்கென முழுமையான ஒளிவழியாக 'வசந்தம்' 2008இல் உருவெடுத்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் மீடியாகார்ப் தன் ஒளிவழிகளை டிவிபி-டி2 என்னும் மின்னிலக்க முறையில் ஒளிபரப்பத் தொடங்கியது. சில ஆண்டுகள் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடந்தன. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. புதிய அலையைப் புரிந்துகொள்ளாத பழைய தொலைக்காட்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். அவர்தாம் இந்தப் பெட்டி. வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பெட்டியும் வீட்டினுள் வைக்கும் அலைவாங்கியும் அரசு உதவித் திட்டத்தின்கீழ் இலவசமாகவே வழங்கப்பட்டன. பின்னர்த் தொலைக்காட்சிகளே புதிய அலையை வாங்கக் கற்றுக்கொண்டதால், பல வீடுகளில் இப்பெட்டிகள் அலமாரிக்குப் போய்விட்டன. பெயரைப் பாருங்கள்: தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பெட்டி என்பது அதன் பொருள். தட்டைத் திரைகளின் மேல் ஒரு தீப்பெட்டியைக்கூட நிறுத்த முடியாத இக்காலத்திலும் பெயர் மட்டும் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி, துளைகளுக்கு வருவோம். எச்டிஎம்ஐ என்னும் இணைப்புமுறை 2002ஆம் ஆண்டின் இறுதியில் வரையறுக்கப்பட்டது. அதில் 19 முனைகள் உள்ளன. இணைப்பின் ஒருபுறம் இருப்பது படத்தைத் தரும் கருவி. மறுபுறம் இருப்பது அதை ஏற்கும் கருவி. முன்னதை மூலம் என்றும் பின்னதை ஏற்பி என்றும் இங்கே அழைப்போம். வடத்தைச் செருகியதும் படம் உடனே பாய்ந்துவிடுவதில்லை. அதற்குமுன் சிறியதோர் உரையாடல் நடக்கிறது. மூலம் தன் 18ஆம் முனையில் 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்புகிறது: 'யாரேனும் இருக்கிறீர்களா?' என்று கேட்பது போன்றது இது. ஏற்பி தன் 19ஆம் முனையை உயர்த்தி, 'இருக்கிறேன்' என்கிறது. உடனே மூலம் 15, 16 ஆகிய முனைகளின் வழியே ஏற்பியின் அடையாளக் குறிப்பைப் படிக்கிறது. திரை எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம், எந்த ஒலிமுறை ஏற்கும் என்பனவெல்லாம் அக்குறிப்பில் உள்ளன. அதற்கேற்பவே படம் புறப்படுகிறது.

செட் டாப் பாக்ஸ் ஒரு மூலம். மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையும், வகுப்பறை ஒளிப்படவீழ்த்திக்கோ பெரிய திரைக்கோ படம் அனுப்புவதற்காக அமைந்ததாகையால், மூலமே. இரண்டையும் இணைத்தால் இருவரும் 'யாரேனும் இருக்கிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பர். 'இருக்கிறேன்' என்று சொல்ல எவரும் இல்லை. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்த இரண்டு பேச்சாளர்கள், எதிரே வெற்று நாற்காலிகள். மாணவி வாங்கிய மூன்று வடங்களும் இந்த அமைதியைத்தான் பழுதின்றிக் கடத்திக்கொண்டிருந்தன.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு சொல். நாம் பேச்சில் 'போர்ட்' என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல் வடிவத்தைச் சுட்டுகிறது, திசையைச் சுட்டுவதில்லை. உள்ளீடு, வெளியீடு என்னும் தமிழ்ச்சொற்களோ திசையைத் தம் முதலெழுத்துகளிலேயே சுமந்து நிற்கின்றன. 'மடிக்கணினியில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது' என்ற தொடரும் 'மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வெளியீடு இருக்கிறது' என்ற தொடரும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்லப் பழகிய மாணவர் முதல் வடத்தை வாங்குமுன்பே ஒருகணம் நின்றிருப்பார். கலைச்சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்; அகராதியைக் காட்டியபோது வராத ஆர்வம் வடத்தைக் காட்டியபோது வந்தது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஏலியன்வேர் நிறுவனத்தின் எம்17எக்ஸ் போன்ற ஒருசில விளையாட்டு மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ உள்ளீடு தரப்பட்டது. 2009இன் பிற்பகுதியில் வந்த 27 அங்குல ஐமேக் கணினி, வேறொரு வகைத் துளையின் வழியே வெளிப்படத்தை ஏற்றது. உங்கள் கணினி அத்தகையதா என்பதைத் துளையின் அருகே அச்சிட்டிருக்கும் குறிப்பிலோ கையேட்டிலோ பார்த்து அறியலாம். அப்படி எதுவும் எழுதியிராவிட்டால், அது வெளியீடு என்றே கொள்வது நலம்.

சரி, உள்ளீடு இல்லாத கணினிக்கு உள்ளீட்டை ஒட்டவைக்க முடியாதா? முடியும். படப்பிடிப்புக் கருவி என்று கடைகளில் சிறியதொரு பொருள் கிடைக்கிறது. அதன் ஒருபுறம் எச்டிஎம்ஐ உள்ளீடு. மறுபுறம் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் முனை. பெட்டி கேட்கும் கேள்விக்கு 'இருக்கிறேன்' என்று விடையளிப்பது இக்கருவியே. கணினிக்கோ இது ஒரு வெப் கேமரா போலத் தோன்றும். அதனால் பெரும்பாலான கருவிகளுக்குத் தனி மென்பொருள் நிறுவத் தேவையில்லை. விஎல்சி அல்லது ஓபிஎஸ் என்னும் இலவசச் செயலியைத் திறந்து, படம் வரும் கருவியாகவும் ஒலி வரும் கருவியாகவும் இதனையே தேர்ந்தெடுத்தால் போதும். ஒலியைத் தேர்ந்தெடுக்க மறந்து, ஊமைப்படம் பார்த்துக்கொண்டு பெட்டியைத் திட்டியவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

ஆனால் இவ்வழிக்கு ஒரு விலை உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள், அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்ல 24 பிட். நொடிக்கு 50 படங்கள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 249 கோடி பிட் வடத்தில் ஓடுகின்றன. விலை மலிந்த கருவிகள் பயன்படுத்தும் யுஎஸ்பி 2.0 வழியோ நொடிக்கு 48 கோடி பிட் மட்டுமே தாங்கும். ஐந்து மடங்கு தண்ணீரை ஒரு மடங்கு குழாயில் செலுத்த வேண்டும். ஆகவே கருவி படத்தைச் சுருக்குகிறது. சுருக்கும்போது முதலில் தேய்வன நுண்ணிய விளிம்புகள். யுஎஸ்பி 3.0 கருவிகளில் இக்குறை குறைவு, விலை அதிகம்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் உள்ள பழைய வகைக் கருவியைக் கொண்டு மஞ்சள் வழியாகப் படம் எடுப்போரும் உண்டு. அதில் கிடைப்பது 576 வரிகள் கொண்ட படம். முகங்கள் தெரியும், எழுத்துதான் துன்பப்படும். திரையின் அடியில் ஓடும் செய்தி வரியில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு வரி உயரமே. அதுவும் மங்கினால் 'கல்' 'கல' ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் புள்ளி இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் அணிகலன். தமிழில் அது எழுத்தின் உயிரையே தீர்மானிப்பது. ஆதலால் தமிழ் படிக்கும் கண்ணுக்கு மஞ்சள் துளையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு தடை பூட்டு. எச்டிசிபி என்னும் பாதுகாப்புமுறை, ஏற்பி உரிமம் பெற்ற கருவிதானா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே படத்தை விடுகிறது. கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பொதுவாக இப்பூட்டைப் போட்டிருக்கும். படப்பிடிப்புக் கருவிகள் பெரும்பாலும் அந்த உரிமம் இல்லாதவை. எனவே எல்லாம் சரியாக இணைந்திருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். பூட்டை உடைக்கும் குறுக்குவழிகளைப் பலர் சொல்லக்கூடும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அத்தகைய பூட்டுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட மாணவி, 'ஐயா, பெட்டி உண்மையில் என்னதான் செய்கிறது?' என்று கேட்டாள். அதுதான் சரியான கேள்வி. பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. அலைவாங்கியில் விழும் அலைகளிலிருந்து வேண்டிய ஒளிவழியைப் பிரித்தெடுப்பது முதல் வேலை. அதில் சுருக்கி அனுப்பப்பட்டிருக்கும் படத்தை விரிப்பது இரண்டாவது வேலை. வான்வழியே வரும்போது ஓர் உயர்தெளிவு ஒளிவழி பெரும்பாலும் நொடிக்கு ஒரு கோடி பிட்டுக்குள் அடங்கியிருக்கும். பெட்டி அதை 249 கோடியாக விரிக்கிறது. படப்பிடிப்புக் கருவி அதை மறுபடி சுருக்குகிறது. கணினி மீண்டும் விரிக்கிறது. மடித்துக் கொடுத்த சேலையைப் பிரித்து, கசங்க மடித்து, மறுபடி பிரிப்பது போல.

விரிக்கும் வேலையை மடிக்கணினி நன்றாகவே செய்யும். அதனால் முடியாதது முதல் வேலை மட்டுமே. அதற்கென யுஎஸ்பி டியூனர் என்னும் விரல் நீளக் கருவி இருக்கிறது. அலைவாங்கியின் கம்பியை அதில் திருகி, அதைக் கணினியில் செருகி, ஒளிவழிகளைத் தேடச் சொன்னால் போதும். பெட்டியும் வேண்டாம், எச்டிஎம்ஐ வடமும் வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறையில் டிவிபி-டி என்று மட்டும் எழுதியிருந்தால் அது முந்தைய தலைமுறைக் கருவி. சிங்கப்பூர் அலையைப் பிடிக்காது. டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும். அந்த ஓர் எண்ணில்தான் காசு காற்றில் போவதும் படம் காற்றில் வருவதும் அடங்கியிருக்கிறது.

இந்த எளிய வழி எல்லா ஊருக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் பெட்டியோ, கூரைமேல் உள்ள டிஷ்ஷின் பெட்டியோ வேறுவகை அலைமுறையைப் பயன்படுத்துகிறது. ஒளிவழிகளும் சந்தாதாரரின் அட்டைக்கோ பெட்டிக்கோ மட்டுமே திறக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. அங்கே பெட்டியைத் தவிர்க்க இயலாது. அங்கிருந்து விடுமுறைக்குப் பின் திரும்பும் மாணவர்கள் தம் வீட்டுப் பெட்டியை இங்கே கொண்டுவருவதிலும் பயன் இல்லை. சிங்கப்பூரின் இலவச ஒளிவழிகள் மறையாக்கமின்றி வருவதால்தான் டியூனர் இங்கே வேலை செய்கிறது.

வேறு இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். வரம்பற்ற இணையம் இருந்தால் மீவாட்ச் தளத்தில் வசந்தத்தை நேரடியாகப் பார்த்துவிடலாம். எந்தக் கருவியும் வேண்டாம். பெட்டியையே பயன்படுத்தித் தீரவேண்டும் என்றால், எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள பழைய கணினித்திரை ஒன்றை வாங்குவது படப்பிடிப்புக் கருவியைக் காட்டிலும் நல்லது. படம் சுருங்காது, தாமதமும் இராது. அத்திரையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் பெட்டியின் சிவப்பு, வெள்ளை துளைகளிலிருந்து ஒலியைத் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

மாணவி லிட்டில் இந்தியாவை ஒட்டிய சிம் லிம் சதுக்கத்துக்குச் சென்று டியூனரை வாங்கி வந்தாள். முதல் தேடலில் ஓர் ஒளிவழியும் கிட்டவில்லை. கடைவீட்டின் நடுவறை இருண்டது, சுவர்கள் தடித்தவை. அலைவாங்கியை எடுத்துச் சென்று தெருவை நோக்கிய சன்னலின் மேற்சட்டத்தில் வைத்து மறுபடி தேடினாள். வசந்தம் வந்தது. அன்று மாலை செய்தி வாசிக்கப்பட்டபோது தாயார் திரையின் அடியில் ஓடிய வரியை உரக்கப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மூன்று வடங்களில் ஒன்றை எங்கள் வகுப்பறை ஒளிப்படவீழ்த்திக்குத் தந்துவிட்டாள். அங்கே அது குறையின்றி வேலை செய்கிறது.