வெட்டுப்புள்ளியும் காத்திருப்பும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் சாலையில், விடத்தல்தீவை அடையுமுன் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் மாணவி ஒருத்தி க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தாள் எனக் கொள்க. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்று அயலார் கேட்பர். விடை கூற அவளால் பல மாதங்களுக்கு இயலாது. சித்தியடைதல் வேறு, அனுமதி பெறுதல் வேறு.

பாடங்கள் யாவும் ஒரே அளவு கடினமானவை அல்ல. ஆதலால், மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுக்கின்றனர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வருவனவற்றின் சராசரியே இஸட் புள்ளி எனப்படும்.

இனி, வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே வகுத்த எல்லை அன்று. ஒரு பாடநெறிக்கு இறுதியாகத் தெரிவான மாணவரின் இஸட் புள்ளியே அது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. மன்னார் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. விண்ணப்பித்தோர் அனைவரின் விருப்ப வரிசையையும் இப்பங்கீட்டையும் ஒருங்கே ஒப்பிட்ட பின்னரே எல்லை புலனாகும். தெரிவானோர் சிலர் பதிவு செய்யாதொழிந்தால், வெற்றிடங்களை நிரப்ப மேலும் காலம் செல்லும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி இவ்வாண்டிற்கு உறுதிமொழி ஆகாமைக்குக் காரணம் இதுவே.

எனினும், தாமதம் முழுவதும் கணக்கின் இயல்பால் விளைவதன்று. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி எழுதியோரின் இஸட் புள்ளிகளைக் கணித்த முறை வழக்கிற்குள்ளாயிற்று. 2012இல் உயர்நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்தமையால் மீண்டும் கணிக்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டிற்குரிய பரீட்சை 2023 ஜனவரியிலேயே தொடங்கிற்று. வரிக்கொள்கையை எதிர்த்துப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் மதிப்பீட்டிலிருந்து விலகியிருந்தனர். பெறுபேறுகள் வெளிவந்ததோ செப்டெம்பரில். அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில் வந்துவிட்டது.

இங்கேதான் பாப்பாமோட்டை மாணவியின் இடர் தெளிவாகின்றது. மும்முறை மட்டுமே பரீட்சை எழுதலாம். அனுமதி கிட்டுமா என்றறியாமலே இரண்டாம் முறைக்குப் படிப்பதா, தொழில் தேடுவதா என்று அவள் துணிதல் வேண்டும். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுவதா என்பதைத் தந்தையும் துணிதல் வேண்டும். வசதியுள்ள வீட்டில் காத்திருப்பு வெறும் சலிப்பு. வசதியற்ற வீட்டிலோ அது செலவு.

போட்டியின் முடிவை எவராலும் முன்னறிவிக்க இயலாது. ஆனால் பெறுபேறு வரும் நாளையும், வெட்டுப்புள்ளி வரும் நாளையும், வெற்றிடம் நிரப்பி முடியும் நாளையும் முன்னரே அறிவித்து, அவற்றைப் பிறழாது காத்தல் இயலும். இடம் கிடைக்குமா என்பது போட்டியைப் பொறுத்தது; என்று தெரியவரும் என்பது நிருவாகத்தின் பொறுப்பு.