உங்களுக்குத் தெரியுமா? சங்கு ஸ்டாம்பு செல்லாத பக்கத்து ஊர்

சுதந்திரத்துக்கு முன்பு அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவர் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் திருவனந்தபுரத்துக்குச் சங்கு பொறித்த ஸ்டாம்பை ஒட்டிக் கடிதம் அனுப்பலாம். கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வடக்கன்குளத்துக்கு அந்த ஸ்டாம்பு செல்லாது! காரணம், அஞ்சுகிராமம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிழக்கு விளிம்பு. வடக்கன்குளம் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லா. பெண் கொடுத்தும் எடுத்தும் பழகிய ஊர்களுக்கு நடுவே தபாலுக்கு மட்டும் அப்படியொரு வேலி. எல்லை தாண்டும் கடிதத்துக்கு பிரிட்டிஷ் இந்திய ஸ்டாம்புதான் ஒட்ட வேண்டும்.

திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறைக்கு ‘அஞ்சல்’ என்று பெயர். தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1784-இல் தொடங்கியது. முதலில் அரசாங்கக் காகிதங்களுக்கு மட்டும்தான். பொதுமக்களின் கடிதங்களை ஏற்றது 1860-களில். மணி கட்டிய தடியோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள்தான் அதன் கால்கள். ரயில் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் சேதி கொண்டு சேர்த்த அந்த மனிதர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

சங்கு ஸ்டாம்பு 1888-இல் வந்தது. விலை அணாவில் இல்லை, சக்கரத்தில். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு சர்க்கார் ரூபாய். அந்தக் காலத்து அஞ்சல் பெட்டிகளின் நிறமும் சிவப்பு அல்ல, பச்சை.

அஞ்சுகிராமம் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. ஆனால் தபால் எல்லை அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அழிந்துவிட்டது. 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

அஞ்சுகிராமத்தின் பின்கோடு 629401. முதல் எண் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்மண்டலம். 629 என்றால் நாகர்கோவில் பக்கம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் ஆபீஸ். 1972 ஆகஸ்ட் 15-இல் இந்த முறையைக் கொண்டுவந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள் உள்ள நாட்டில் இந்த ஆறு எண்கள் இல்லாவிட்டால் எத்தனை கல்யாணப் பத்திரிகைகள் வழி தவறியிருக்கும்!

பார்வையற்றோருக்கான பிரெய்ல் புத்தகங்களை 7 கிலோ வரை ஸ்டாம்பே ஒட்டாமல் சாதாரணத் தபாலில் அனுப்பலாம். இது தெரியாமல் காசு கொடுத்து கூரியரில் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

போஸ்ட் கார்டு விலை இன்றும் 50 பைசாதான். அதை அச்சடித்து, சுமந்து, வீட்டில் கொண்டு சேர்க்க ஆகும் செலவு பல மடங்கு.

கிளைத் தபாலாபீஸுக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டியவர் யார் தெரியுமா? அங்கே வேலை பார்க்கும் கிளை போஸ்ட் மாஸ்டரேதான். கிராமங்களில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ தபாலாபீஸ் நடப்பது இதனால்தான். நாட்டிலுள்ள சுமார் 1.64 லட்சம் தபாலாபீஸ்களில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன.

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுக்குள் சேர்ந்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். கையெழுத்து வாங்கி வரும் ஒப்புகை வசதி கூடுதல் கட்டணத்தில் தொடர்கிறது.

ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் உயிர்வாழ் சான்றுக்காக வெயிலில் அலைய வேண்டியதில்லை. சொல்லி வைத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் விரல் ரேகையையோ முகத்தையோ பதிந்து முடித்துத் தருவார். ஆதாரோடு இணைந்த எந்த பேங்க் கணக்கிலிருந்தும் வாசலிலேயே பணம் எடுத்துத் தரும் வசதியும் உண்டு. 2018 செப்டம்பரில் தொடங்கிய தபால் துறை பேமென்ட்ஸ் பேங்கின் வேலை இது. ஒரு காலத்தில் முதியோர் பென்ஷனை மணியார்டராகக் கொண்டுவந்த அதே தபால்காரர், இப்போது கையில் கருவியோடு வருகிறார். நடக்க முடியாதவர் வீட்டுக்கு இவரைப் போல வாசல் வரை வரும் அரசு ஊழியர் வேறு யார்?

எல்லோரும் அறிய வேண்டியது இன்னொன்று. பேங்கில் போட்ட பணத்துக்கு டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு பேங்கில் 5 லட்சம் ரூபாய் வரைதான். தபாலாபீஸ் சேமிப்பில் போட்ட முழுத்தொகைக்கும் மத்திய அரசே பொறுப்பு. 1882-இல் தொடங்கிய சேமிப்பு வங்கி இது. அதிக வட்டி என்று ஆசை காட்டிய கம்பெனிகளை நம்பிப் பிள்ளைகளின் கல்யாணப் பணத்தையே இழந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களைப் பார்த்த பிறகும் தபாலாபீஸ் பாஸ்புக்கைப் பழைய காலத்துப் பொருளாக நினைப்பது சரியில்லை.

பெண்பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. 250 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். பத்து வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். வீட்டில் அந்த வயதில் பெண்பிள்ளை இருந்தால் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தபாலாபீஸுக்குப் போய் வாருங்கள்.