ஏன் 59 முறை?

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, ‘குறைந்தது ஒரு முறையாவது’ என்று வரும் கணக்குகளில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது. ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “இந்தக் கணக்கெல்லாம் நிஜத்துல எங்க சார் வருது?” என்று கேட்டாள். “அணு உலையின் பாதுகாப்புக் கணக்கில் வருகிறது” என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அணு உலைகளில் யுரேனிய எரிபொருள் வில்லைகளைச் சிர்கோனியக் கலவையாலான மெல்லிய குழாய்களுக்குள் அடுக்கியிருப்பார்கள். குளிர்விக்கும் நீர் செல்லும் பெரிய குழாய் உடைந்தால், உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் உண்டாகும் வெப்பத்தால் இவை சூடேறும். மிக உயர்ந்த வெப்பநிலையில் சிர்கோனியம் நீராவியுடன் வேகமாக வினைபுரிந்து, மேலும் வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் வெளியிடும். குழாயும் நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே அத்தகைய விபத்தில் அதன் வெப்பநிலை 1204 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1974-இல் விதி வகுத்தார்கள். கணக்கிட்ட வெப்பநிலைக்கும் இந்த எல்லைக்கும் இடையே உள்ளதே பாதுகாப்பு இடைவெளி.

உண்மையான உலையை உடைத்துப் பார்க்க முடியாது. கணினியில்தான் கணக்கிட வேண்டும். ஆனால் எரிபொருளின் வெப்பக் கடத்துதிறன், எஞ்சிய வெப்பம், நீர் பாயும் வேகம் எதுவும் துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு உண்டு. தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் பாதகமான மதிப்புகளையே எடுத்துக்கொண்டார்கள். அதனால் உண்மையான இடைவெளி எவ்வளவு என்பது தெரியவில்லை. 1988-இல் விதி திருத்தப்பட்டு, நடைமுறைக்கு நெருக்கமான கணக்கீடும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதிலுள்ள நிச்சயமின்மையையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இங்கேதான் 59 வருகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் சாமுவேல் வில்க்ஸ் 1941-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. வகுப்பில் இதைப் புளியங்கொட்டையில் செய்தோம். ஒரு பையில் 20 கொட்டைகள். ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் புள்ளி. ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 59 முறை. புள்ளிக் கொட்டை ஒருமுறைகூட வராமலிருக்க நிகழ்தகவு 0.95-இன் 59-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.0485. எனவே குறைந்தது ஒரு முறையாவது வர நிகழ்தகவு 0.95-ஐத் தாண்டுகிறது. 58 முறை எடுத்தால் தாண்டாது.

ஒவ்வொரு முறை எடுப்பதும், மதிப்புகளை அவற்றின் வீச்சுக்குள் தற்செயலாகத் தேர்ந்து ஒருமுறை கணினியை ஓட்டுவதற்குச் சமம். புள்ளிக் கொட்டை என்பது மிகச் சூடான 5 விழுக்காட்டில் விழும் விடை. 59 விடைகளில் மிக உயர்ந்ததும் 1204-க்குக் கீழே இருந்தால், குறைந்தது 95 விழுக்காடு விடைகள் எல்லைக்குள் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையுடன் சொல்லலாம். தெரியாத மதிப்புகள் ஐந்தானாலும் ஐம்பதானாலும் இதே 59 போதும்.

ஏழு குழுக்களில் ஆறில் புள்ளிக் கொட்டை வந்தது. ஒரு குழுவுக்கு வரவேயில்லை. “சார், வந்ததுன்னு எழுதிக்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டான் அக்குழுத் தலைவன். ‘இன்னொரு தடவை செய்யுங்கள்’ என்று சொல்ல என் வாய் வரை வந்துவிட்டது. மீதமுள்ள 5 விழுக்காடு என்பதே அவன் கையில் இருந்ததுதான். வந்ததை வந்தபடியே கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். எடுத்துக்கொண்ட வீச்சு சரியாக இருந்தால்தான் 59-க்கு மதிப்பு. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஆழிப்பேரலை உச்சமாக 5.7 மீட்டர் வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று வந்த நீர் 14 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. டீசல் மின்னாக்கிகள் மூழ்கி, குளிர்விப்பு நின்றது. பிறகு ஹைட்ரஜன் வெடித்தது. பையில் போடாத கொட்டையை எத்தனை முறை எடுத்தாலும் பார்க்க முடியாது.

ஒரு பாடவேளையில் முடியும் செயல்பாடு இது. நம்பிக்கை 99 விழுக்காடாக வேண்டுமானால் எத்தனை முறை என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். விடை 90. ‘வரவில்லை’ என்று எழுதும் குழுவுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.